பால் பம்பின் இரண்டாவது தண்டு

ஹில்டூருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சர்ச்சில் பிரசங்கம் இருபது நிமிடத்தைத் தாண்டினால் அவள் இருக்கும் பெஞ்சே லேசாக ஆடத் தொடங்கும்; பின்வரிசைக்காரர்கள் அதை வைத்தே மணி பார்ப்பார்கள். முப்பத்தெட்டு வயதுக்குமேல் இது மாறப்போவதில்லை என்று ஹோர்னரீட் ஊரே கைகழுவிவிட்டது. ஆனால் அந்த வியாழக்கிழமை காலை அவள் கால் ஆடியது சுபாவத்தால் அல்ல, பயத்தால்.

ஆறரை மணிக்கே பட்டறைக்கு வந்துவிட்டாள். இரும்பு கடையும் லேத்தைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். வெட்டும் சூட்டைத் தணிக்கும் கூலண்ட் தொட்டியை நிரப்பினாள், குழாயின் மூக்கைத் திருப்பி வைத்தாள், டூல் அலமாரியின் இழுப்பறைகளைத் திறந்து மூடினாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு ஐம்பது.

லேத்தின் பக்கத்தில் மரப்பலகைமேல் இரண்டு தண்டுகள் கிடந்தன. இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், முக்கால் மீட்டர் நீளம், ஒரு முனையில் தட்டுப்போல விரிந்த தலை. ஒன்று நேற்று அவள் கையால் செத்தது. அதன் நடுவில், நகம் புதையும் ஆழத்துக்கு ஒரு பள்ளம். மற்றது இன்னும் உலையின் கறுப்புத் தோலோடு, டூலே படாமல் இருந்தது. இந்த வேலைக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அடுத்ததை அடித்து அனுப்ப ஐந்து வாரம் ஆகும் என்று உருக்காலையில் சொல்லிவிட்டார்கள்.

ஐந்து வாரமெல்லாம் பொறுக்காது. ஊரின் சீஸ் ஆலையில் பால் பம்பின் தண்டு திங்கட்கிழமை முறிந்துபோனது. பம்போ தாத்தா காலத்துப் பம்பு, செய்த கம்பெனியே இப்போது இல்லை. ஆலை பதினொரு மாட்டுக்காரர்களின் கூட்டுச் சொத்து. அதில் ஒருவன் ஹில்டூரின் தம்பி எஸ்கில். ஆலை நின்றாலும் மாடு நிற்காது, காலையும் மாலையும் கறந்தே ஆகவேண்டும். பாலில் பாதியை எங்கோ தூரத்து ஆலை வாங்கிக்கொண்டது, மீதியைத் திங்கட்கிழமையிலிருந்து சாணிக்குழியில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த நேரம் பார்த்து நகரத்துப் பெரிய கம்பெனி ஒன்று வந்து நின்றது. ஆலையை விற்றுவிடுங்கள், பாலை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், ஆனால் நூறு மாட்டுக்குக் குறைந்த பண்ணைக்கு எங்கள் லாரி வராது, வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் வேண்டும் என்றது. எஸ்கிலிடம் இருப்பது நாற்பத்திரண்டு மாடு.

ஆக, வெள்ளிக்கிழமை மாலைக்குள் பம்பு ஓடினால் எஸ்கிலின் தொழுவம் இருக்கும். ஓடாவிட்டால் இருக்காது. அந்தக் கணக்கில் ஒரு தண்டை ஹில்டூர் நேற்று கெடுத்துத் தொலைத்துவிட்டாள்.

கெடுத்தது அவள் மட்டுமா என்றால், அதுதான் இல்லை.

லிண்டெல் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளி தூர்வால்ட் லிண்டெல் ஏற்படுத்தியது. இருபது வருடத்துக்கு முன்பு எந்த டூலைப் போடுவது என்று இரண்டு லேத்காரர்களுக்குள் வாய்த்தகராறு முற்றி, ஒருவன் மற்றவன் மண்டையில் காபி பிளாஸ்க்கால் போட்டுவிட்டான். அன்றிலிருந்து பெரிய வேலை எதுவானாலும் ஒன்பது மணிக் காபி மேஜையில் வைத்துப் பேசவேண்டும், எல்லோரும் சம்மதித்த பிறகுதான் இயந்திரம் சுற்ற வேண்டும். நல்ல மனிதர் தூர்வால்ட். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிதார் வாசிப்பார். யாரையும் அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. அந்த நல்ல குணம்தான் நேற்று ஒரு தண்டைத் தின்றது.

நேற்று மேஜையில் இரண்டு கட்சி. மூத்த லேத்காரர் ஸ்டூரே, ஸ்டெயின்லெஸ் என்றாலே டூலின் முனையில் மாட்டும் டிப் கூர்மையாகத்தான் இருக்க வேண்டும் என்பார். கத்திபோல மெல்லிய விளிம்பு, மெதுவாக, தண்டின் ஒரு சுற்றுக்கு டூலைப் பாயிண்ட் ஒன்று மில்லிமீட்டர் நகர்த்து என்பார். டூல் வாங்கும் கென்ட், உலைத்தோல் இருக்கும் தண்டில் அந்த விளிம்பு உதிர்ந்துவிடும், தடித்த விளிம்புள்ள முரட்டு டிப்தான் தாங்கும், அதைப் பாயிண்ட் மூன்றில் ஆழமாக ஓட்ட வேண்டும் என்றான். இருவரும் மரியாதையாக, குரல் உயர்த்தாமல், ஒருவர் கோப்பையில் மற்றவர் காபி ஊற்றியபடி அரைமணி நேரம் மறுத்துக்கொண்டார்கள்.

"ரெண்டு பேரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றார் தூர்வால்ட். "கென்ட் சொல்ற டிப்பு. ஆனா ஸ்டூரே சொல்ற மாதிரி கொஞ்சம் நிதானமா. பாயிண்ட் ரெண்டு? ஆழம் ஒரு மில்லி போதும். நடுவுல வச்சுக்கிட்டா யாருக்கும் மனக்குறை இருக்காதில்ல?"

நடு! இந்த ஊர்க்காரர்களுக்கு நடு என்றால் அப்படி ஓர் ஆசை. வீட்டுக்கு அடிக்கும் வண்ணத்திலிருந்து பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது வரை நடுவில் நின்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று நிம்மதி. எல்லோரும் தலையாட்டினார்கள். லேத்தில் கை வைக்கப்போகும் ஹில்டூரும் ஆட்டினாள். அவள் வயிற்றில் ஏதோ வேண்டாம் என்று சொன்னது. ஆனால் வயிறு சொல்வதையெல்லாம் மேஜையில் வைக்க முடியுமா என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ஒரு குணம் உண்டு. துணிந்து ஆழமாக வெட்டினால் வெட்டுப்படும். தடவிக்கொடுத்தால் முரண்டு பிடிக்கும். டூல் வெட்டாமல் உரசிய இடமெல்லாம் தோல் இறுகிப்போய், அடுத்து வரும் டூலின் பல்லைப் பெயர்க்கும். முரட்டு டிப்புக்குப் பாயிண்ட் மூன்று கொடுத்தால் வெட்டுப்பட்டு வரும் இரும்புச் சுருள் மடங்கி ஒடிந்து விழும். பாயிண்ட் இரண்டில் ஒடியாது. நேற்று அதுதான் நடந்தது. சுருள் ஒடியாமல் நீளநீளமாக வந்து தண்டைச் சுற்றிக்கொண்டது. அதை எடுக்க அவள் டூலின் நகர்வை நிறுத்தினாள். தண்டு சுற்றிக்கொண்டே இருக்க டூல் அதே இடத்தில் நின்று தேய்த்தது. மறுபடி ஓட்டியபோது டிப் அந்த இறுகிய வளையத்தில் ஏறி, வழுக்கி, உடைந்து, உடைந்த துண்டு தண்டுக்குள் புதைந்தது. மூன்று நொடிகூட ஆகியிருக்காது.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இரவு கொஞ்சம் தூங்கியிருப்பாள்.

ஒன்பது மணிக்கு மேஜையில் ஏலக்காய் பன் வைத்தார்கள். தூர்வால்ட், ஸ்டூரே, கென்ட், ஹில்டூர், மூலையில் மில்லிங் மெஷினில் வேலை செய்யும் இரண்டு பேர். நேற்றுச் செத்த தண்டின் நினைப்பு மேஜைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது.

"நேத்து நாம கொஞ்சம் அவசரப்பட்டுட்டமோன்னு தோணுது" என்று தூர்வால்ட் ஆரம்பித்தார்.

"ஆமா, பாயிண்ட் ரெண்டே அதிகம்தான்" என்றார் ஸ்டூரே. "பாயிண்ட் ஒண்ணரைக்கு இறக்கிடலாம். ஆழமும் அரை மில்லி, அரை மில்லியா எடுப்போம். இருக்கறது ஒண்ணு. பூப்போல எடுக்கணும்."

ஹில்டூர் கென்ட்டைப் பார்த்தாள். அவனாவது பேசுவான் என்று பார்த்தாள். கென்ட் பன்னின் மேல் இருந்த சர்க்கரையை விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தான். நேற்று உடைந்தது அவன் தேர்ந்தெடுத்த டிப். இன்று அவனுக்கு வாய் இல்லை.

"சரி, கொஞ்சம் குறைச்சே போவோம்" என்றான் அவனும்.

"பூப்போல எடுத்தா இதுவும் போயிடும்" என்றாள் ஹில்டூர்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"நேத்து நாம கெடுத்தது அவசரத்துல இல்ல, பயத்துல. கென்ட்டோட டிப்ப எடுத்து, அதுக்குப் பசிக்குற அளவு போடாம அரைவயித்துக்கு ஓட்டினோம். இன்னிக்கு இன்னும் பயந்து போனா டூல் வெட்டவே வெட்டாது, தேய்க்கும். தேய்ச்சா இறுகும். இறுகினா உடையும். நான் முதல் ஓட்டத்துலயே மூணு மில்லி ஆழம் போறேன், பாயிண்ட் மூணு, அந்தக் கறுப்புத் தோலுக்கு அடியில. கடைசி ஓட்டத்துக்கு மட்டும் ஸ்டூரேயோட கூர் டிப்பு. ரெண்டு பேர் சொன்னதும் சரி. ஆனா ஒண்ணு முடிஞ்சப்புறம் ஒண்ணு. கலந்து இல்ல."

இவ்வளவு பெரிய பேச்சு அந்த மேஜையில் அவள் பேசியதே இல்லை. கால் மேஜைக்கடியில் தாளம் போட்டது, கோப்பைகள் சிணுங்கின.

"ம்ம்" என்றார் தூர்வால்ட். "அப்படியும் யோசிக்கலாம்."

ஹோர்னரீட்டில் யாரும் 'கூடாது' என்று சொல்வதில்லை. 'அப்படியும் யோசிக்கலாம்' என்பார்கள். அதற்கு 'வாயை மூடு' என்று அர்த்தம். ஒரு குழந்தைகூட அதைப் புரிந்துகொண்டு வாயை மூடும்.

"அப்ப பாயிண்ட் ஒண்ணரைன்னு வச்சுக்கலாமா? எல்லாருக்கும் சரிதானே?"

தலைகள் ஆடத் தொடங்கின. ஸ்டூரே, கென்ட், மில்லிங் மெஷின்காரர்கள், வரிசையாக. முறை ஹில்டூரிடம் வந்தது. நேற்றிரவு எஸ்கில் போனில் ஒரு வார்த்தை குறை சொல்லாமல், "பரவால்லக்கா, இன்னொண்ணு இருக்குல்ல" என்று சொன்னது காதிலேயே நின்றது.

"இல்ல" என்றாள். "எனக்குச் சம்மதமில்ல."

காபி இயந்திரம் கொடகொடவென்று சத்தமிட்டு ஓய்ந்தது. மில்லிங் மெஷின்காரர்களில் ஒருவர் ஜன்னல் வழியே மழை வருமா என்று பார்த்தார். தூர்வால்டின் முகம் சிவந்தது. கோபத்தில் அல்ல, அவளுக்காக அவர் வெட்கப்பட்டார்.

"சரி சரி" என்றார் மெதுவாக. "அப்ப இன்னிக்கு ஒண்ணும் செய்ய வேணாம். ராத்திரி எல்லாரும் நல்லா யோசிங்க. நாளைக்குக் காலைல காபிக்குப் பேசுவோம்."

"நாளைக்குச் சாயங்காலத்தோட எஸ்கில் தொழுவம் போயிடும், தூர்வால்ட். வெட்டவே அஞ்சு மணி நேரம் ஆகும். அப்புறம் பம்புல மாட்டணும்."

"அதுக்காக ஒருத்தரோட மனசு ஒப்பாம..."

"நான்தானே ஒப்பல? நானே போய் வெட்டுறேன்."

எழுந்தாள். பாதி தின்ற பன் தட்டிலேயே கிடந்தது. அந்தப் பட்டறையில் காபி வேளையில் எழுந்து போனவர்கள் இதுவரை இரண்டே பேர். ஒருவருக்கு மாரடைப்பு. மற்றவர் வீடு தீப்பிடித்தது.

தண்டைச் சின்னக் கிரேனில் தூக்கி லேத்தில் பூட்டினாள். மறுமுனைக்குத் தாங்கு மையத்தை இறுக்கினாள். கென்ட்டின் முரட்டு டிப்பில் புதிதாக ஒன்றை எடுத்து மாட்டினாள். சின்னத் திருகு இரண்டு முறை கீழே விழுந்தது. கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், அதையே நினைத்தாள். முதலாளி பேச்சை மீறிக் கெடுத்தவள் என்ற பெயரோடு இந்த ஊரில் மளிகைக் கடைக்குக்கூடப் போக முடியாது. அதுகூடப் பரவாயில்லை. எஸ்கில் மறுபடியும் "பரவால்லக்கா" என்பானே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மூன்று மில்லி. பாயிண்ட் மூன்று. கூலண்ட் முழு வேகம். பட்டனை அமுக்கினாள்.

டூல் கறுப்புத் தோலைக் கடித்த சத்தத்தில் பட்டறையே அதிர்ந்தது. காபி மேஜையிலிருந்தவர்கள் கோப்பையும் கையுமாக வந்து பின்னால் நின்றார்கள். காபி வேளையில் லேத் சுற்றி அவர்கள் கேட்டதில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வெள்ளைக் கூலண்டுக்கு நடுவே சுருள் வந்தது. ஒடிந்தது. வந்தது, ஒடிந்தது. ஒன்பது என்ற எண் போலக் குட்டிக் குட்டியாக, சூட்டில் பழுத்து, சடசடவென்று தட்டில் கொட்டியது.

"ஒடியுதுப்பா" என்றான் கென்ட், தன் கண்ணையே நம்பாதவன்போல.

ஓர் ஓட்டம் நாலரை நிமிடம். ஹில்டூர் நிற்க முடியாமல் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டிருந்தாள். இயந்திரத்தில் ஒரு திருகுகுமிழ் உண்டு, திருப்பினால் நகர்வு குறையும். அதைத் தொடு தொடு என்று கை அரித்தது. கையைக் கட்டிக்கொண்டாள். கட்டிய கை தானாக அவிழ்ந்தது. கடைசியில் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

டூல் தண்டின் நடுப்பகுதிக்கு வந்தபோது சத்தம் மாறியது. கடித்துத் தின்னும் சத்தம் போய், கீச்சென்று ஒரு நடுக்கம். தண்டு நடுவில் அதிரத் தொடங்கிவிட்டது. நேற்று செத்த அதே இடம்.

"நிறுத்து, நிறுத்து!" என்றார் ஸ்டூரே.

தூர்வால்ட் அவளைத் தாண்டிக் கையை நீட்டினார். நகர்வை நிறுத்தும் பட்டனுக்கும் அவர் விரலுக்கும் ஒரு சாண் தூரம்.

"கையை எடுங்க!" ஹில்டூர் கத்தினாள். "தொட்டீங்கன்னா தண்டு செத்துடும்! எடுங்கய்யா கையை!"

முப்பது வருடத்தில் அந்தக் கூரைக்குக் கீழே முதலாளியைப் பார்த்து யாரும் கத்தியதில்லை. தூர்வால்டின் கை அந்தரத்திலேயே நின்றது. ஹில்டூர் பைக்குள்ளிருந்து கையை உருவி, நகர்வுத் திருகுகுமிழை விட்டுவிட்டு, சுற்றும் வேகத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். ஐந்து சதவீதம். பத்து. கீச்சொலி இன்னும் கேட்டது. பன்னிரண்டு. நடுக்கம் அடங்கி, பழைய கடிக்கும் சத்தம் திரும்பியது. டூல் நகர்ந்துகொண்டே போய், நேற்றைய இடத்தைத் தாண்டி, தலைத்தட்டின் ஓரத்துக்கு வந்து, சுத்தமாக விலகியது.

அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்தான். மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டு டிப்பைக் கழற்றிப் பார்த்தாள்.

"நல்லாத்தானே இருக்கு" என்றான் கென்ட். "இன்னும் ரெண்டு ஓட்டம் தாங்கும்."

"நல்லா இருக்கும்போதே மாத்திடணும். அது எப்ப உடையும்னு நமக்குச் சொல்லிட்டா உடையும்?" என்று டிப்பைத் திருப்பிப் புது முனையைப் போட்டாள்.

இரண்டாவது ஓட்டத்துக்கு இரண்டரை மில்லி. அதற்குள் மற்றவர்கள் அவரவர் வேலைக்குக் கலைந்துவிட்டார்கள், ஸ்டூரே மட்டும் போகவில்லை. தன் அலமாரிக்குப் போய், காலியான புகையிலை டப்பா ஒன்றைக் கொண்டுவந்து லேத்தின் மேல் வைத்தார். உதட்டுக்கடியில் புகையிலை வைக்கும் மனிதர், தீர்ந்த டப்பாவில் தன் நல்ல டிப்புகளை ஒளித்து வைத்திருப்பார் என்று பட்டறையில் பேச்சு உண்டு. யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

"இதுல கூரா ஒண்ணு இருக்கு. கடைசிக்கு எவ்வளவு விட்டிருக்கே?"

"அரை மில்லி."

"பாயிண்ட் ஒண்ணு விட்டா போதாதா?"

"போதாது. ரெண்டாவது ஓட்டம் இறுக்கின தோலுக்கு அடியில போயாகணும். இல்லன்னா உங்க டிப்பும் தேய்க்கத்தான் செய்யும்."

ஸ்டூரே யோசித்தார். "ஆமாம்மா, நீ சொல்றது சரிதான்" என்றார். இந்த முறை வார்த்தைக்கு அதன் நேரான அர்த்தம்தான்.

தண்டின் தலை, சக்கரத்தைப் பூட்டும் சாவிப் பள்ளம், இரண்டு முனை என்று எல்லாம் முடிந்தபோது மணி இரண்டே முக்கால். மைக்ரோமீட்டரில் மூன்று முறை அளந்தாள். நான்காவது முறை தூர்வால்ட் அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நான் அந்தப் பட்டனை அமுக்கியிருந்தா?" என்று கேட்டார்.

"அமுக்கல இல்ல, விடுங்க. கத்தினதுக்கு மன்னிச்சுக்கங்க."

"கத்தினதப் பத்தி..." அவர் அவள் முதுகில் ஒருமுறை தட்டிவிட்டு அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று மணிக்கு எஸ்கிலின் பிக்கப் வண்டி வாசலில் வந்து நின்றது. ஹில்டூர் ஓடினாள். அவன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், முடிஞ்சுது! நூறுக்கு நூறு சுத்தம்! இறங்குடா, வந்து தூக்கு!"

"போன் பண்ணினேங்கா. ரெண்டு தடவ."

"போன் கோட்டுப் பையில கெடக்கு. என்ன?"

"நேத்து தண்டு கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சதுல எல்லாரும் கலங்கிப்போயிட்டாங்க. மத்தியானமே கூட்டம் போட்டாங்க. நாளைக்கு வரைக்கும் இழுப்பானேன், வித்துடலாம்னு பேச்சு வந்துச்சு. மூணரை மணிக்கு அந்தக் கம்பெனிக்காரன் வர்றான். கையெழுத்து."

அவள் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். "எப்படிடா விப்பாங்க? பதினொரு பேரும் சம்மதிச்சாத்தானே விக்க முடியும்? நீங்கதானே அப்படிச் சட்டம் எழுதி வச்சீங்க?"

"சம்மதிச்சாச்சு."

"யாரு?"

"யாரும் வேணாம்னு சொல்லலக்கா."

"நீ?"

எஸ்கில், முப்பத்து நான்கு வயது ஆண்பிள்ளை, தினமும் காலை ஐந்து மணிக்கு நாற்பத்திரண்டு மாட்டையும் பெயர் சொல்லி எழுப்புகிறவன், ஒரு முறை உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"நானும் தலையாட்டினேன். எல்லாரும் ஏற்கெனவே முடிவு பண்ணிட்ட மாதிரி இருந்துச்சு. நான் ஒருத்தன் மட்டும் எப்படி... அவங்களுக்கும் கஷ்டம்தானே. என்னாலதான் நின்னுச்சுன்னு ஆயிடும்ல."

அவனை அறைய வேண்டும்போல் இருந்தது ஹில்டூருக்கு. அதே நேரத்தில் நேற்றுக் காலை ஒன்பது மணிக்குத் தன் தலை ஆடியதும் அவளுக்குத் தெரியும், அதனால் கை எழவில்லை. உள்ளே போய்த் தண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஸ்டூரே! அந்தப் பக்கம் பிடிங்க!"

ஆலைக்குப் பதினைந்து நிமிட வழி. எஸ்கிலை ஓட்டவிடவில்லை, அவளே ஓட்டினாள். பின்னால் கம்பளியில் சுற்றிய தண்டு ஒவ்வொரு வளைவிலும் முனகியது. வழிநெடுக அவள் வாய் ஓயவில்லை.

"நான் சொல்ல முடியாதுடா. நான் உறுப்பினர் இல்ல, வாயே திறக்கக் கூடாது. நீதான் சொல்லணும். ஒரே வார்த்தை. சொல்லுவியா?"

"பாக்கலாம்."

"பாக்கலாமா! நாற்பத்திரண்டையும் லாரியில ஏத்தும்போது நின்னு பாரு. நல்லாப் பாரு."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கூட்ட அறையில் மோர் நெடி அடித்தது. பத்துப் பேர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறும் காலுறையோடு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனிக்காரன் மட்டும் மேஜையின் தலைமாட்டில் பளபளக்கும் ஷூவோடு இருந்தான். அவன் பக்கத்தில் தலைவி ஸ்வேயா, எழுபத்திரண்டு வயது, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காகிதத்தின் முதல் பக்கத்தை நாலாவது முறையோ என்னவோ படித்துக்கொண்டிருந்தாள். அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு முனையாகத் தண்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். நாற்பது கிலோ. வைக்க வேறு இடமில்லாமல் மேஜைமேலேயே வைத்தார்கள். கோப்பைகள் துள்ளின.

ஜன்னல் வெளிச்சத்தில் அது கண்ணைப் பறித்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அது ஒரு பேச்சாகிவிடும் என்ற பயம்.

"அழகா வந்திருக்கு" என்றார் ஒரு கிழவர் கடைசியில். "பாவம், ஒரு நாள் தாமதம்."

ஹில்டூர் சுவரோரம் போய் நின்றாள். வாய்க்குள் வார்த்தை முட்டிக்கொண்டு நின்றது. பல்லைக் கடித்து அடக்கினாள். காலையில் நாலரை நிமிடம் நின்றது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அங்கே வேகத்தைக் குறைக்க ஒரு திருகாவது இருந்தது. இங்கே தொட எதுவும் இல்லை. எஸ்கில் உட்காரவில்லை. தன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உக்காருப்பா எஸ்கில்" என்றாள் ஸ்வேயா. "ஆரம்பிப்போம்."

"இல்ல" என்றான் எஸ்கில்.

"நின்னுட்டே இருந்தாலும் சரிதான்."

"அதில்ல. மன்னிக்கணும் எல்லாரும். மத்தியானம் நான் தலையாட்டினது பொய். எனக்குச் சம்மதமில்ல." அவன் குரல் உடைந்து, வயதுக்கு வராத பையன் குரல்போலக் கீச்சென்று வந்தது. "நான் விக்கல. யார் என்ன நெனச்சாலும் சரி. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கம்பெனிக்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஸ்வேயா அவனைப் பார்க்கவே இல்லை. பேனாவின் மூடியைத் தேடினாள். மூடி கை தவறி உருண்டு தண்டுக்கடியில் போய் நின்றது. எடுத்துப் பேனாவை மூடினாள்.

"மத்தியானத்துலேருந்து யாராவது ஒருத்தர் சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு முகமாப் பாத்துட்டிருக்கேன்" என்றாள். அவள் கண்ணில் நீர் நின்றது. "எங்க அப்பா கட்டின ஆலை இது. தலைவி நானே முதல்ல எப்படிச் சொல்றது? எல்லாரும் ஒத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சே."

"எனக்கும்தான் அப்படி இருந்துச்சு" என்றார் தண்டைப் புகழ்ந்த கிழவர்.

"எனக்கும்" என்றது இன்னொரு குரல். மூன்று பேர் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள். யார் யார் என்ன நினைத்துக்கொண்டு தலையாட்டினார்கள் என்ற வாக்குமூலம் மேஜை முழுக்கப் பரவியது. கம்பெனிக்காரன் காகிதத்தைப் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, போகலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

ஹில்டூருக்கு அதையெல்லாம் நின்று கேட்கப் பொறுமை இல்லை.

"பேசுறத அப்புறம் பேசுங்க" என்றாள். "இத இப்ப மாட்டினா ராத்திரி ஏழு மணிக்கு பம்பு ஓடும். யாராவது ஒரு கை பிடிங்க."

எஸ்கில் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து மணிக்கு அவன் பால் கறக்க வேண்டும். அவனை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, ஸ்வேயா கைச்சட்டையை மடித்துக்கொண்டு தண்டின் மறுமுனைக்கு வந்தாள்.